மாப்பிள்ளை நானா பேசிய கடைசிச் சம்பந்தம்

கட்டுகஸ்தோட்டையில் எந்த வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை நடந்தாலும், அதற்கு மூலகாரணம் மாப்பிள்ளை நானாதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் முஸ்லிம் வீடுகளில் பாதிக் கல்யாணங்களைப் பேசி முடித்த புரோக்கர் அவர். ஊருக்கே நானா, அதாவது அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே எப்போதாவதுதான் தேவைப்பட்டது.

கண்டி பஸ்ஸில் ஏறினால், மகாவலிப் பாலம் தாண்டுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் வீட்டில் எத்தனை பெண்கள் என்று அறிந்துவிடுவார். இறங்கும்போது ஒருத்திக்கு மாப்பிள்ளை தயார். திக்கிப் பேசும் மாப்பிள்ளையை ‘எதிர்த்துப் பேசாத பையன்’ என்பார். பொய்யே சொன்னதில்லை என்று சத்தியமும் செய்வார்.

என் மகளுக்கும் அவர்தான் பேசி முடித்தார். சில வருடம் கழித்து ஒருநாள் வந்து, அவளுக்கு அக்குறணையில் அருமையான மாப்பிள்ளை இருப்பதாகச் சொன்னார். எதிரே என் மருமகன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நானா அவரைப் பார்த்து, “தம்பி, நீங்களும் இன்னம் கலியாணம் முடிக்கல்லையா?” என்றார். வீடே குலுங்கிச் சிரித்தது. நானாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு பள்ளிவாசலுக்குப் போகும் வழி மறந்தது. ஒருநாள் எங்கோ மலைப்பக்கம் இருக்கும் ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் ஏறிப் போய், மழையில் செருப்பில்லாமல் நின்றவரை ஒரு கடைக்காரர் உட்காரவைத்து வீட்டுக்குத் தகவல் சொன்னார். கத்தாரில் இருக்கும் மகன், வயது போனால் அப்படித்தான் என்றான். ஊரார் ஓதிய தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மனைவி ரஹீமா அதையும் கொடுத்தார். அதோடு நிற்காமல், பக்கத்து வீட்டுக்காரனான என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கண்டியில் ஒரு கிளினிக்குக்கும் கூட்டிப்போனார்.

டொக்டர் இளம்பெண். இது என்ன மாதம் என்று கேட்டார். நானா யோசித்தார். நெற்றி வேர்த்தது. கடைசியில், “அத வுடுங்க மகள். நீங்க முடிச்சிட்டீங்களா?” என்றார்.

டொக்டர் சிரித்துவிட்டார். எங்களைத் தனியே அழைத்துப் பேசும்போது அந்தச் சிரிப்பு இல்லை. இது வயதின் மறதி அல்ல, மூளையில் வரும் நோய். குணமாகாது, மருந்து கொஞ்சக் காலம் தாங்கலாம் என்றார். முன்பே வந்திருந்தால், தன்னை இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானாவிடமே கேட்டிருக்கலாமாம். ரஹீமாவும் தூங்க வேண்டும், முறை வைத்து யாராவது உதவுங்கள் என்றும் சொன்னார்.

மருந்து அதிகம் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் நான் இருக்கும்போதே, சோறு ஊட்டிக்கொண்டிருந்த ரஹீமாவை நானா உற்றுப் பார்த்தார். குரல் பழைய புரோக்கர் குரல்.

“நீங்க யாருட மகள்? நல்ல மாப்பிள்ள ஒன்னு ஈக்கி. பேசட்டா?”

ரஹீமா அவர் வாயைத் துடைத்துவிட்டார். “நான் முடிச்சவ.”

“மாப்பிள்ள நல்லவரா?”

“நல்லவர்தான். இப்ப வீட்டுல இல்ல.”

சோற்றுத் தட்டைக் கழுவக் குசினிக்குள் போன ரஹீமா நெடுநேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு நானாவுக்குப் பேச்சும் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் என் முறை. ரஹீமா உள்ளே தூங்குவார். யாரென்று தெரியாமலே நானா என் கையைப் பிடித்துக்கொள்வார். ரஹீமா எழுந்து வந்த பிறகும் நான் கையை எடுப்பதில்லை.