காடே ஓடிய புதன்கிழமை

ஒரு காட்டில், கோடை லீவு விட்டதும் மற்ற விலங்குகள் மலைக்கும் அருவிக்கும் கிளம்பும். கோமளா என்ற கீரி மட்டும் மாமியார் வளைக்குப் போகும்.

போன வருடம் அது அடம்பிடித்து, காட்டோரத்தில் புதிதாகத் திறந்திருந்த நீர்ப்பூங்காவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமை. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை வாசலிலேயே காவல் குரங்கு வாங்கி வைத்துக்கொண்டது. முதல் சறுக்கின் வரிசையில் நின்றே பொழுது போயிற்று.

"தண்ணியில ஆடப் போறேன்னு போய் வெயில்ல காஞ்சிட்டு வந்திருக்கா" என்று நாத்தனார் பங்கஜா சிரித்த சிரிப்பு நாலு மரம் தள்ளிக் கேட்டது. "உனக்கெல்லாம் எங்க அம்மா வளையே போதும்."

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றது கோமளா கணவனிடம். "இதுவும் சொதப்பினா, ஆயுசுக்கும் லீவுன்னா உங்க அம்மா வளைதான். நான் வாயே திறக்க மாட்டேன்."

கணவன் கடைசி வாக்கியத்தை நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டியது.

கோமளா மாதக்கணக்கில் கைப்பேசியில் தேடிப் படித்தது. போய்வந்தவர்களை விசாரித்தது. மெல்ல எல்லாம் தெளிந்தது. வாரநாளில் போக வேண்டும், புதன்கிழமை உத்தமம். முந்தின நாளே போய்ப் பூங்கா விடுதியில் தங்கினால், வாசல் திறக்கும் முன்பே உள்ளே நிற்கலாம். எல்லோரும் முன்னால் இருக்கும் சறுக்கில்தான் மொய்ப்பார்கள். நாம் நேரே கடைக்கோடிச் சறுக்குக்கு ஓடிவிட வேண்டும். கூட்டம் வருவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். யாராவது தொலைந்துபோனால் பிளாஸ்டிக் யானைக்கு அடியில் வந்து நிற்க வேண்டும்.

இவ்வளவையும் தனக்குள் வைத்திருக்க அதனால் முடியவில்லை. பக்கத்துப் புதர் முயலைக் கூப்பிட்டது.

"உனக்கு மட்டும்தான் சொல்றேன். வெளியில விட்டுடாதே."

"என் வாயிலேர்ந்து வருமாக்கா?" என்றது முயல்.

சாயங்காலம் முயல் அதை மானுக்கு மட்டும் சொன்னது. மானும் ஒருவருக்கு மட்டும்தான் சொன்னது.

புதன்கிழமை விடியலில் விடுதியின் அறைக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. காடே தாழ்வாரத்தில் நின்றது. எல்லோரும் ஒருவரையொருவர் கவனிக்காதது போல நடந்தார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள். பிறகு ஓடினார்கள்.

கடைக்கோடிச் சறுக்கின் வரிசை வளைந்து வளைந்து சாப்பாட்டுக் கூடம்வரை வந்தது. கூடத்திலும் அதே கூட்டம், அதே நேரத்தில். பிளாஸ்டிக் யானைக்கு அடியில் இடமில்லை. குட்டியைத் தேடி வந்த நிஜ யானை ஒன்று பக்கத்தில் நிற்க, அதன் அடியிலும் சிலர் வந்து நின்றுகொண்டார்கள்.

மத்தியானம் எருமை ஒன்று சொட்டச் சொட்ட நனைந்து வந்தது.

"என்னம்மா, எல்லாரும் இங்கேயே நிக்கிறீங்க? முன்னாடி ஒரு ஈ காக்கா இல்லையே. ஆடி ஆடி எனக்கே அலுத்துப்போச்சு."

கோமளாவுக்கு முன்னால் நின்றிருந்த ஈயும் காக்கையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"தூங்கி எழுந்து வந்தேன். ஆமா, இன்னிக்கு என்ன கிழமை?"

கோமளாவின் ஒரு கால் வரிசைக்கு வெளியே போனது.

"இவ்வளவு நேரம் நின்னாச்சு, இப்பப் போய் விடறதா?" என்றது கணவன்.

கால் உள்ளே வந்தது.

அப்போதுதான் வரிசையின் அடுத்த வளைவில் பங்கஜாவைப் பார்த்தது. வால் தொங்கி, உதடு வெடித்து, கூடவே மாமியாரும்.  கோமளா அந்தப் பக்கம் எட்டிக் கேட்டது.

"உங்களுக்கு யார் அண்ணி சொன்னாங்க?"

"மான்தான். எனக்கு மட்டும்னு சொல்லிச்சு." பங்கஜா குரலைத் தாழ்த்தியது. "தண்ணி பட்டுதா?"

"இல்ல. உங்களுக்கு?"

"எங்க."

மூடும் மணி அடித்தது. பங்கஜா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டது. மிச்சத்தைக் கோமளாவிடம் நீட்டியது.

"அம்மா தலையிலயும் தெளிச்சு விடு. சீக்கிரம், போட்டோ எடுத்துடலாம். சிரிங்கம்மா."

அந்த மாதம் முழுக்கக் காட்டில் பூங்காவின் புகழே பேச்சாக இருந்தது. எருமையிடம் மட்டும் போட்டோ இல்லை. அது போய்வந்ததையே யாரும் நம்பவில்லை. அடுத்த கோடைக்கு எங்கே போகலாம் என்று இப்போது மாமியாரே கேட்கிறது.

கோமளா முயலைக் கூப்பிட்டது. "உனக்கு மட்டும்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தது.

நீதி: நல்ல யோசனையை ஊர் முழுக்கச் சொல்லிவிடு. எல்லோரும் சேர்ந்து காய்ந்துவிட்டால், நனைந்தவன்தான் பொய்யன்.