மச்சானை மட்டும் அண்டாத ஆவி

காது ஐயாவைப் பற்றித் தெரியாதவனுக்கு வண்டியும் தெரியாது, வாழ்க்கையும் தெரியாது என்று அந்தத் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜின் மூடிமேல் காதை வைப்பார், கண்ணை மூடுவார், உள்ளே இருக்கிற ஆவி ஆணா பெண்ணா, எப்போது செத்தது, என்ன கேட்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். தெருமுனை வரை வண்டிகள் வரிசையில் நின்றன. மெக்கானிக்குகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐயாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் நாள் மாலையே வண்டியை அவர் முற்றத்தில் விட்டுவிட வேண்டும். காலையில்தான் பார்ப்பார். ஓடிவந்த சூட்டோடு கொண்டுவந்தால் தொடவே மாட்டார். ஆவிக்குச் சூடு ஆகாதாம். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வதில்லையா, அது மாதிரி என்று ஜனங்கள் தாங்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். இந்த விஷயத்தில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

அந்த வரிசையில்தான் தம்பியும் நின்றான். சலவைக்கூடம் நடத்தும் அக்காவுக்கு ஒரே தம்பி. இருவரும் சேர்ந்து வாங்கிய பிக்கப் வண்டியில்தான் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பும். விரிப்பு ஏற்றுகிற வண்டிக்கு விமான வேகம் எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழைய இரும்புக் கடையில் இன்ஜினுக்கு வேகம் கூட்டுகிற பெரிய டர்போ ஒன்றை வாங்கி மாட்டினான். இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுத வைத்தான். புகை போகிற குழாயை மட்டும், போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, தானே கழற்றிப் புதிதாகப் பூட்டினான். முடித்தபோது ஒரு போல்ட் மிச்சமிருந்தது. கடைக்காரன் ஒன்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறான், தங்கமான மனுஷன் என்று சந்தோஷப்பட்டான்.

மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால் டிக், டிக், டிக்.

காது ஐயா காதை வைத்தார். முகம் கறுத்தது. "இந்த டர்போவோட முதல் சொந்தக்காரன் விபத்துல போயிட்டான். உள்ள இருந்து தட்டுறான், கேக்குதா?"

தம்பிக்குக் கேட்டது. கேட்காமல் இருக்குமா? ஐயா முணுமுணுவென்று மந்திரம் சொன்னார். ஏழெட்டு நிமிஷத்தில் சத்தம் அடங்கியது, தம்பிக்குப் புல்லரித்தது. அடுத்த நாள் காலையில் மறுபடி டிக் டிக், மறுபடி மந்திரம். பிறகு ஐயா அந்த வண்டியின் இரும்பிலேயே ஒரு துண்டு கேட்டார். தம்பி அந்த மிச்ச போல்ட்டைக் கொடுத்தான். அதற்குச் சிவப்பு நூல் சுற்றி, ஊதி, உள்கண்ணாடியில் தொங்கவிட்டார். அதற்கும் ஆவி மசியவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது: இந்த வண்டி ஓட்டுகிறவன் உயிரைக் குடிக்கும், சனிக்கிழமைக்குள் கைமாற்றிவிடு. ஆவி பிடித்த வண்டியை யார் வாங்குவார்? ஐயாவின் மச்சான் வாங்குவார், பாதி விலைக்கு. ரொம்ப இளகிய மனசு அவருக்கு.

வண்டி இருவர் பெயரிலும் இருந்ததால் கையெழுத்துப் போட அக்காவும் வர வேண்டியிருந்தது. வண்டி போனால் ஓட்டல்காரர்கள் போவார்கள். அப்புறம் கூடத்தில் இஸ்திரி போடும் நான்கு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மச்சான் விற்பனைப் பத்திரத்தோடு காத்திருந்த முற்றத்தில் வயிற்றெரிச்சலோடுதான் வந்து நின்றாள். தம்பி வண்டியைக் கிளப்பினான். டிக், டிக். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுடைய நீராவிக் கொதிகலன் தினமும் காலையில் போடுகிற சத்தத்துக்கு இது தங்கச்சி மாதிரி இருந்தது.

"ஐயா, இன்னைக்கு ஒரு நாள் நீங்க வாயைத் திறக்காம இருங்க."

"உள்ள இருக்கிறவன் கோவப்படுவான்மா."

"கோவத்தை நான் வாங்கிக்கிறேன்."

கைப்பையிலிருந்து அன்றைய சலவைப் பட்டியலை எடுத்தாள். ஐயாவின் அதே ராகத்தில், பெட்ஷீட் நாற்பது, தலையணை உறை எண்பது, குளியல் துண்டு அறுபது என்று நிதானமாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் திரைச்சீலைக்கு வந்தபோது சத்தம் நின்றுவிட்டது.

முற்றத்து வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கும் அருள் வந்திருக்கிறது என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கயோ சந்து வழியா புகை கசியுது. சூடானா இரும்பு விரிஞ்சு சந்து அடைபடும், ஆறினா திறந்துக்கும். அதனாலதான் ஐயா ராத்திரி பூரா ஆறப்போட்டுட்டு அப்புறம் பாக்குறாரு."

வண்டி நன்றாக ஆறும்வரை யாரும் நகரவில்லை. பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். தம்பி பூட்டிய குழாயின் இணைப்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. பக்கத்திலேயே காலியாக ஒரு துளை.

"டேய், இதுல இருக்க வேண்டிய போல்ட் எங்கடா?"

தம்பியின் கண் மெதுவாக உள்கண்ணாடிப் பக்கம் போனது. எல்லார் கண்ணும் போனது. சிவப்பு நூலில் அது ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

நூலைப் பிரித்தான், போல்ட்டைப் பூட்டி, இறுக்கினான். ஆறிய வண்டியைக் கிளப்பினான். அவன் ஆசைப்பட்டு ஏற்றிய உறுமல் மட்டும் கேட்டது. காது ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, தாம் ஊதிக்கொடுத்த போல்ட் அல்லவா என்று ஆரம்பித்தார். அக்கா சுவரோரம் நின்ற ஆறு வண்டிகளைக் காட்டினாள். எல்லாம் ஆவி பிடித்ததாக விற்கப்பட்டவை. ஆறிலும் இப்போது மச்சான் பெயர், பளபளவென்று.

"சரிங்க ஐயா. இத்தனை ஆவியும் உங்க மச்சானை மட்டும் ஏன் ஒண்ணும் பண்றதில்ல?"

மச்சான் விற்பனைப் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஜனங்கள் ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் அக்காவின் பின்னாலேயே வந்து, அந்தச் சிவப்பு நூலையாவது கொடுங்களேன் என்று கெஞ்சினார்.

அந்த போல்ட்டுக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தொங்கவிட்டுக் கும்பிட்டபோது அது வெறும் இரும்பு. இருக்க வேண்டிய இடத்தில் இருந்து வேலை செய்தபோது வண்டியே பிழைத்தது. கழுத்துக்கு மேல் ஒன்று வைத்திருக்கிறோமே, அதையும் எத்தனை நாளைக்குத் தொங்கப்போட்டே வைத்திருப்போம்?