காலுக்குப் பின்னால் வந்த கை

ஞானசீலன் ஓடி வந்தார். இடது கால் கோட்டில் ஊன்றியது. வலது கை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அது சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து பந்தை விட்டபோது, பந்து அவருடைய சொந்தக் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்து சற்று உருண்டு நின்றது.

எதிரே மட்டையோடு நின்ற ஜீப் டிரைவர் அழகுமலை மரியாதையாகக் காத்திருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, போட்டாச்சா, இனிமேத்தானா?" என்று கேட்டார்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மிஸ்டர் ஞானசீலன், உங்க கால் ஹெட் ஆபீஸ்ல இருக்கு. கை ஏதோ சப் ஆபீஸ்ல இருக்கு. தபால் வந்து சேர லேட்டாகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி ஸ்ரீனிவாஸைப் போட்டுக்குவோம்."

பொட்டலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஞானசீலன் சிரிக்கவில்லை. கட்டைவிரல் வலித்தது ஒரு காரணம். எழுமலை இன்னொரு காரணம்.

தல்லாகுளத்தில் இருந்த அந்த அரசு அலுவலகத்துக்குத் தொண்ணூற்றாறில் புது அதிகாரி வந்தார். வந்த வாரமே இரண்டு செய்திகள் பரவின. ஒன்று, அலுவலகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் கோப்பைக்கு இந்த வருடம் நம் அலுவலகமும் ஆடுகிறது. இன்னொன்று, பொது மாறுதல் வருகிறது, பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே போகிறார்கள். வெளியே என்றால் எழுமலைப் பக்கம்.

ஞானசீலன் ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடிபோய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. மனைவி விக்டோரியா ஊருக்குள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எழுமலையோ மதுரைக்கு அந்தக் கோடி. மூன்று பஸ் மாறி அவர் போய்ச் சேரும்போது அங்கே ஆபீஸைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

"டீம்ல இருக்கவுக மேல கை வைக்க மாட்டாருண்ணே" என்று அழகுமலைதான் முதலில் சொன்னார். அதிகாரி வாயைத் திறந்து அப்படிச் சொன்னாரா என்றால் இல்லை. ஜீப்பின் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததாகச் சொன்னார். அரசு அலுவலகத்தில் அதற்கு மேல் ஆதாரம் யாரும் கேட்பதில்லை.

தினமும் மூன்று மணிக்கே பயிற்சி. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆள் அனுப்பச் சொல்லி சூப்பிரண்டுகளுக்குச் சீட்டு வந்தபோது, சூப்பிரண்டு ஆண்டிச்சாமி ஒரு விநாடிகூட யோசிக்காமல் ஞானசீலன் பெயரை எழுதினார். கல்லூரியில் தான் பந்து போட்ட விஷயம் இவர் காதுவரைக்கும் எப்படிப் போனது என்று ஞானசீலனுக்கு ஒரே ஆச்சரியம். திறமையை மூடி வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் பயிற்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆடப்போவது பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள், ஒன்று இவர். இல்லாவிட்டால் பக்கத்து மேஜை ஸ்ரீனிவாஸ்.

கட்டைவிரலில் பந்து விழுந்த அன்று வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய், விக்டோரியாவின் எதிரில் கொய்யாக்காயைப் பந்தாக வைத்துப் போட்டுக் காட்டினார்.

விக்டோரியா சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். இரண்டு தடவை பார்த்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒங்களுக்குத் தாளம் நிக்கல. எங்க கொயர்லயும் ரெண்டு பேரு இப்பிடித்தான். கடைசி நாலு எட்டையும் சத்தமா எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலுங்கறப்ப காலும் கையும் சேந்து வரணும்."

எண்ணினார். வந்தது. நான்காவது எண்ணிக்கையில் காலும் கையும் ஒன்றாக இறங்கின. கொய்யாக்காய் தண்ணீர்த் தொட்டியில் போய் 'டங்'கென்று மோதியது. "பாத்தீங்களா!" என்றார் விக்டோரியா. ஞானசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பொட்டலில் கம்பீரமாக ஓடி வந்தார். "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

அழகுமலை அதுவரை ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தவிர எதையும் ஒழுங்காகப் பிடித்தவர் இல்லை. ஆனால் பந்து எப்போது வரும் என்று பந்து போடுகிறவரே சொல்லும்போது அடிப்பதில் என்ன கஷ்டம்? 'நாலு' என்ற சத்தம் அடங்குவதற்குள் மட்டையை வீசினார். பந்து மதில் சுவரைத் தாண்டியது. அடுத்த பந்தும் தாண்டியது.

"ஏன் சார், பந்து போடறீங்களா, ஏலம் விடறீங்களா?" என்றார் அதிகாரி.

புதன்கிழமை மனசுக்குள்ளேயே எண்ணுவது என்று முடிவு செய்தார். வாய்க்கு இருந்த நிதானம் மனசுக்கு இல்லை. பயத்தில் அது விறுவிறுவென்று எண்ணிவிட்டது. கோட்டுக்கு மூன்று எட்டு இருக்கும்போதே நாலு வந்துவிட, கை சொன்ன சொல் தவறாமல் பந்தை விட்டது. ஸ்டம்புக்குப் பின்னால் அம்பயராகக் குனிந்து நின்ற ஆண்டிச்சாமியின் இடுப்புக்குக் கீழே அது போய்ப் பட்டது.

"நாலு நாள் லீவு வேணும்னா கேட்டு வாங்குங்க சார். இப்பிடியா?" என்று ஆண்டிச்சாமி நெளிந்துகொண்டே போனார். அதிகாரி ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டு, "ரெண்டு பந்து போடுப்பா" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர ஒரு வாய் இறங்கவில்லை. ஸ்ரீனிவாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, சத்தமா எண்ணுனாத்தான் ஒங்களுக்குக் கை வருது. தமிழ்ல எண்ணுனா அவிங்களுக்குப் புரிஞ்சிருது. அம்புட்டுத்தான பிரச்சினை? எங்க சௌராஷ்டிர பாஷையில எண்ணுங்க. நாலே வார்த்தை. நான் சொல்லித் தாரேன்."

ஞானசீலன் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். தன் இடத்துக்குப் போட்டியாக நிற்கிறவன் எதற்கு உதவி செய்ய வேண்டும்? ஆனால் தண்ணீரில் போகிறவன் கயிறு போடுகிறவனின் ஜாதகத்தைப் பார்ப்பதில்லை. தயிர்ச்சாதம் முடிவதற்குள் நாலு வார்த்தையையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

அன்று மூன்று மணிக்கு அழகுமலை மூன்று தடவை அவுட். "அண்ணன் என்னமோ மந்திரம் சொல்லிக்கிட்டு ஓடியாராரு சார், எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது" என்று மட்டையைக் கீழே போட்டார்.

வெள்ளிக்கிழமை டைப்பிஸ்ட் கனகலட்சுமி அறிவிப்புப் பலகையில் அணியின் பட்டியலை ஒட்டினார். பதினொன்றாவது பெயர் ஞானசீலன். ஸ்ரீனிவாஸ் பெயர் இல்லை. ஞானசீலன் அந்தத் தாளை நான்கு தடவை போய்ப் படித்துவிட்டு வந்தார். சாயங்காலம் அரைக்கிலோ அல்வாவோடு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பைக்கான ஒரே ஆட்டம். கடைசி ஓவர். எதிரணி அலுவலகத்துக்குப் பத்து ரன் வேண்டும், கையில் இரண்டு விக்கெட். அதிகாரி ஞானசீலனிடம் பந்தைக் கொடுத்து, "மந்திரத்தைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னார். முதல் பந்திலேயே எதிரே நின்றவர் திருதிருவென்று முழித்து ஸ்டம்பைப் பறிகொடுத்தார். கடைசி ஆளாக ஒல்லியாக ஓர் இளைஞன் வந்தான். ஸ்கோர் எழுதுகிறவர் பெயர் கேட்டதற்கு "ஹரிஷ்குமார்" என்றான்.

ஞானசீலன் எண்ணிக்கொண்டே ஓடி வந்தார். பையன் முகத்தில் ஒரு புன்னகை தெரிந்தது. நான்காவது வார்த்தையை இவரோடு சேர்ந்து அவனும் சொல்லி, சொன்ன கையோடு பந்தைப் பவுண்டரிக்கு அனுப்பினான்.

மதுரையில் அந்தப் பாஷை பேசுகிறவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். விக்டோரியாவின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கும் மனிதருக்கு அது இப்போதுதான் உறைத்தது. எல்லைக்கோட்டில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற ஸ்ரீனிவாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். 'பாவி, வேணும்னே பண்ணிட்டியே' என்று ஞானசீலன் பல்லைக் கடித்தார். வேறு வழியும் தெரியாமல் அடுத்த பந்தையும் அதே மாதிரி எண்ணிப் போட்டார். அதுவும் பவுண்டரி. இன்னும் இரண்டு ரன் வேண்டும்.

அவர் பந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஹரிஷ்குமார் கூப்பிட்டான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மூணாவது நம்பரை ரொம்பக் குறுக்குறீங்க. கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்."

ஞானசீலன் படித்த மனிதர். தப்பைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஓடி வந்தார். மூன்றாவது எண்ணை நன்றாக இழுத்து, அழகாகச் சொன்னார். சொன்ன திருப்தியில் நான்காவது எண் மறந்துபோய்விட்டது.

கால் அது பாட்டுக்குப் போய் ஊன்றிவிட்டது. கை மேலே நின்றுகொண்டு யோசித்தது. அதற்குள் ஹரிஷ்குமார் தன் கணக்குப்படி மட்டையை வீசி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, விக்கெட் கீப்பரைப் பார்த்து நின்றான். பிறகுதான் ஞானசீலனின் கை வந்தது. பழைய மாதிரியே கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விழுந்த பந்து இரண்டு குத்துக் குத்தி, நடந்து போய், ஸ்டம்பைத் தொட்டு ஒரு குச்சியைக் கீழே தள்ளியது.

ஒரு ரன்னில் வெற்றி. அழகுமலை அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பொட்டலைச் சுற்றி வந்தார். அதிகாரி கை கொடுத்து, "என்ன ஸ்லோ பால் சார்! மறக்கவே மாட்டேன்" என்றார். ஞானசீலனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. ஒத்தக்கடைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மாறுதல் உத்தரவு வருகிறது என்று அலுவலகமே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. ஞானசீலன் மட்டும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீனிவாஸைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் சின்னப் பையன். பக்கத்தில் போய்த் தோளில் தட்டினார்.

"மனச விட்டுராத தம்பி. எழுமலை ஒண்ணும் அம்புட்டு மோசமான ஊரில்ல. காத்து நல்லா இருக்கும்."

ஸ்ரீனிவாஸ் தலையாட்டினான்.

கனகலட்சுமி அதிகாரி அறையிலிருந்து தாளோடு வந்து பலகையில் ஒட்டினார். கூட்டம் மொய்த்தது. அழகுமலை படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஞானசீலன் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பார்ப்பதற்காக எட்டிப் பார்த்தார். அழகுமலை, உசிலம்பட்டி. அதற்குக் கீழே ஒவ்வொருவராக, விக்கெட் கீப்பர், ஓப்பனிங் இறங்கியவர், எல்லையில் கேட்ச் பிடித்தவர். பதினொன்றாவது பெயர் ஞானசீலன், எழுமலை. ஸ்ரீனிவாஸ் பெயர் இல்லை.

"ஏம்மா கனகலட்சுமி!" அவர் குரல் கீச்சென்று வந்தது. "நேத்துத்தான கப்பு வாங்கிக் குடுத்தோம்? அதுக்குள்ள எப்பம்மா இப்பிடி ஒரு லிஸ்ட்டு போட்டாரு?"

"புது லிஸ்ட்டெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் கனகலட்சுமி, பசைக் கையைத் துடைத்துக்கொண்டே. "'யாரு இல்லாட்டியும் ஆபீஸ் வேலை நிக்காது'ன்னு போன மாசம் டீமுக்கு ஆள் கேட்டப்ப சூப்பிரண்டுக எழுதிக் குடுத்தாகள்ல, அந்தப் பேருகதான். வெள்ளிக்கெழம ஒட்டுனதையே எடுத்து, ஊரப் போட்டு, தலைப்ப மட்டும் மாத்தி அடிக்கச் சொன்னாரு."