வலிமையான அமிலம்

இவளுக்கு இந்த ஜென்மத்தில் வேதியியல் ஏறப்போவதில்லை என்று டயர் கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. அது அவருக்கே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பத்து மணிக்கு மனைவிக்குத் தேர்வு. பள்ளி ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாகக் குடுவை கழுவுகிறவள், தேறினால் உதவியாளர். தேர்வு நடக்கும் இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று நாளாக ஸ்கூட்டரைக் கேட்டுப் பார்த்தாள். அன்றைக்குத் தனக்குக் கேரம் இறுதிப் போட்டி, ஸ்கூட்டர் வேண்டும் என்று அவரும் மூன்று நாளாகத் தட்டிக்கழித்தார்.

இன்று அவள் கேட்கவே இல்லை. புத்தகத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த இணை அமிலம், இணை காரம் மட்டும் பிடிபடலைங்க. நீங்க படிச்சவரு."

அது போதுமாயிருந்தது. ஸ்கூட்டர் தராத உறுத்தலை மலிவாகத் தீர்த்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. பேனாவை எடுத்தார்.

"இது புரோட்டான். வச்சிருக்கிற நான் அமிலம். வாங்கிக்கிற நீ காரம்."

பேனாதான் தன்னிடமும் இருக்கிறதே என்று அவள் குழம்பினாள். வீட்டில் ஒன்றே ஒன்றாக இருக்கிற பொருள் வேண்டும். யோசித்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

வளையத்தை விரலில் மாட்டியபடியே நீட்டினார். பாதி கொடுத்தால் பாதிதான் விளங்குகிறது என்றாள். முழுதாகக் கொடுத்தார்.

"இப்போ சாவி போன நான் இணை காரம். சாவி வந்த நீ இணை அமிலம்."

"நான் அதே ஆளாத்தானே இருக்கேன்?"

இவள் மண்டையில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அவருக்கும் வீம்பு வந்தது. ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் கவிழ்த்து, வாரையும் மாட்டிவிட்டார்.

"இப்போ வேற ஆள்."

"திரும்பப் பிடுங்கிக்க மாட்டீங்களா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் நோஞ்சான் அமிலம் பண்ற வேலை. வலிமையான அமிலம் கொடுத்தா கொடுத்ததுதான். அதோட இணை காரத்துக்குத் திரும்ப வாங்கத் தெம்பு இருக்காது."

"நீங்க எதுங்க?"

"பார்த்தா தெரியலையா?" மார்பு தானாக நிமிர்ந்தது.

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறாள் போலும். அவர் திருப்தியோடு, தலைவாரிக்கொண்டிருந்த மகள் பக்கம் திரும்பி, அம்மாவுக்குப் பத்தே நிமிஷத்தில் பாடத்தைப் புரியவைத்த கதையைச் சொன்னார்.

மகள் சீப்பை நிறுத்தவில்லை. "போன மாசம் எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்ததே அம்மாதானேப்பா."

வெளியே ஸ்கூட்டர் உறுமியது. ஓடிப்போய்க் கை நீட்டினார்.

"சாவியைக் கொடும்மா."

நீட்டிய கையை அவள் பார்த்தாள். கோபமில்லாமல், மெல்லத் தலையசைத்தாள்.

"வேணாங்க. உங்களுக்குத் தெம்பு இருக்காது."