டஸ்கனியில் வாய் கொப்பளித்த கதை

நீண்ட மர மேசையில் ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கிளாஸ் என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனபோதுதான் சுடலைவடிவுக்கு விஷயம் விளங்கியது.

"என்னங்க, திராட்சைத் தோட்டம் பாக்கப் போறோம்னுதான சொன்னாவ?"

"அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்றார் செல்வமணி.

"இது ஒயின்ஷாப்புல்லா."

செல்வமணி நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவர் முழுக்கப் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமும் இருந்தது. பயணத் திட்டத்தைத் தமிழில் அச்சடித்த டிராவல்ஸ்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்ததை மட்டும் எழுதிவிட்டு உள்ளே இருந்ததை விட்டுவிட்டார்கள்.

செல்வமணிக்கு அம்பாசமுத்திரத்தில் உரக்கடை. அப்பாவும் அம்மாவும் பாபநாசத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை என்று மகள் கலையரசிக்கு ஒரு குறை. வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் காரியமாகப் பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸில் சொல்லி இரண்டு பேரையும் இத்தாலிக்கு அனுப்பி வைத்துவிட்டாள். கூட வந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர்கள் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாலோமி டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குத் தயாரான பிள்ளை மாதிரி இருந்தார்.

"நாம வெளிய நிப்போம், வாங்க."

"பஸ்ஸு டீசல் போடப் போயிருக்கு அக்கா. வெளிய நல்ல வெயிலு. உக்காருங்க, ஒரு மணி நேரந்தான்" என்றான் அஃப்சல்.

அஃப்சல்தான் குழுவை அழைத்து வந்தவன். மேலப்பாளையத்துப் பையன், முப்பது வயது இருக்கும். ரோமில் இறங்கிய அன்றே ஓட்டல்காரனிடம் ஏதோ இத்தாலியன் வார்த்தை சொல்லி அவனைச் சிரிக்க வைத்தான். அதிலிருந்து இவன் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை என்று எல்லாரும் பாஷையை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அவனும் சலிக்காமல் எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தான்.

சுடலைவடிவு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, அவள் முகம் சரியில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா நல்ல மனிதர், குடிக்காத நேரத்தில். குடித்த நேரத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்த்தார். செல்வமணி பெண் பார்க்க வந்தபோது அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குடிப்பியளா?"

"தொட்டதில்ல. தொடவும் மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். செல்வமணியும் வார்த்தையைக் காப்பாற்றினார். கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் உதறிவிட்டு வந்துவிடுவார். கடையைவிட, மகளின் வேலையைவிட, இந்த ஒரு விஷயத்தில்தான் அவருக்குத் தன்மேல் பெருமை. மனைவி தன்னை நம்புகிறாள் என்கிற அந்தச் சுகம் அவருக்கு வேண்டியிருந்தது.

தோட்டத்துக்காரி லூச்சியா அம்மாள் பாட்டிலோடு வந்தாள். நரைத்த தலை, நல்ல உயரம், சிரித்த முகம். இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே வந்து இவர்கள் இரண்டு பேருக்கும் ஊற்றினாள்.

"வேண்டாம்னு சொல்லிரட்டா?" என்று செல்வமணி மெதுவாகக் கேட்டார்.

சுடலைவடிவு யோசித்தாள். வீடு தேடி வந்தவர்களுக்குக் கொடுத்ததைத் தள்ளினால் கொடுத்தவள் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"வயசான மனுசி. சும்மா கையில எடுத்து மோந்து பாத்துட்டுப் பைய கீழ வச்சிருங்க. வாயில படக்கூடாது."

செல்வமணி அப்படியே செய்தார். அந்த அம்மாள் நகர்ந்து போகும்வரை மோந்து பார்ப்போம் என்று மூக்கைக் கிளாசுக்குள் விட்டுக்கொண்டு இருந்தார். அவளோ நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்று சிறிதாக ஏதோ சொன்னாள்.

அஃப்சல் உற்சாகமாக எடுத்துச் சொன்னான். "அண்ணாச்சி, அந்தம்மா அசந்து போய்ட்டாங்க. மத்தவங்கள்லாம் எடுத்ததும் வாயில ஊத்திட்டாங்களாம். நல்லாப் பழகின ஆளுதான் இம்புட்டு நேரம் மூக்க வச்சு ருசி பாப்பாராம்."

சுடலைவடிவு திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"நீதான மோந்து பாக்கச் சொன்ன" என்றார் அவர்.

லூச்சியா தன் மூக்கைத் தொட்டுக் காட்டி மறுபடியும் ஏதோ கேட்டாள். என்ன வாடை தெரிகிறது என்று கேட்கிறாள் என்றான் அஃப்சல். செல்வமணிக்கு நிஜமாகவே ஒரு வாடை தெரிந்தது. ஏதாவது சொன்னால்தான் போவாள் என்று அதைச் சொல்லிவைத்தார்.

"பத்தமடைப் பாயி மழையில நனைஞ்சா ஒரு வாடை வருமே, அது."

அஃப்சல் கைகளால் பாயை விரித்து, மழையைப் பொழிய வைத்து, மூக்கைச் சுளித்துக் காட்டினான். லூச்சியா தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னாள்.

"சரியாப் புடிச்சிட்டீயளாம் அண்ணாச்சி. இந்த வாடை எல்லாருக்கும் அம்புடாதாம். எத்தனையோ வருசமா விடாமக் குடிச்சு வந்த மூக்குக்குத்தான் தெரியுமாம்."

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். செல்வமணிக்குக் காது சூடானது. மேசை நடுவில் ஒரு மண் ஜாடி இருந்தது. மிச்சத்தைக் கொட்டுவதற்காகத்தான் இருக்கும் என்று கண்டுகொண்டார். ஒயினை அதில் கொட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வீட்டில் டம்ளரைக் கவிழ்ப்பதற்கு முன் சுற்றி அலசிக் கொட்டுவது அவர் வழக்கம். அடியில் சொட்டுக்கூட நிற்கக்கூடாது அவருக்கு. அதேபோல் கிளாசை நாலு சுற்றுச் சுற்றி ஜாடியில் ஊற்றினார்.

"என்னதையும் கொட்டிருங்க" என்று சுடலைவடிவு தன் கிளாசை நகர்த்தினாள். அதையும் சுற்றி ஊற்றினார்.

காலிக் கிளாசைக் கண்டதும் லூச்சியா ஓடி வந்து இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். எந்த ஊரானால் என்ன, பந்தியில் இலை காலியானால் பரிமாறுகிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் ஊற்றியதைவிட இப்போது அதிகமாகவே ஊற்றினாள். ஊற்றும்போது ஏதோ முணுமுணுத்தாள்.

"கிளாசச் சுத்துன சுத்துலயே தெரிஞ்சு போச்சாம். அண்ணாச்சி பெரிய கையாம்" என்றான் அஃப்சல்.

"பெரிய கையா?" என்றாள் சுடலைவடிவு.

"வடிவு, நா வீட்டுல மோர் டம்ளரயும் அப்படித்தான சுத்துதேன்."

"மோரு வேற."

லூச்சியா இப்போது அவருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் குடிப்பதைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டாள் போலிருந்தது. செல்வமணி அவசரமாக ஒரு நியாயம் கண்டுபிடித்தார். தொண்டைக்குள் இறங்கினால்தானே குடித்தது? வாயோடு நிறுத்திவிட்டால் அது கணக்கில் வராது. சத்தியத்துக்கும் பழுதில்லை, அந்த அம்மாளுக்கும் மனக்குறை இல்லை.

கிளாசை உயரத் தூக்கி, எச்சில் படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கவில்லை என்பது புரிந்தது. இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு நின்றன. புளிப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. லூச்சியா கண் கொட்டாமல் பார்த்தாள். வாயில் இருந்ததை வைத்து அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாப்பிட்டு எழுந்ததும் செய்வதுபோல நன்றாகக் கொப்பளித்து, சத்தத்தோடு ஜாடியில் துப்பினார்.

லூச்சியா எழுந்து நின்று கை தட்டினாள். இந்த முறை கொஞ்சம் நீளமாகவே பேசினாள்.

அஃப்சலுக்கு முகமெல்லாம் பெருமை. "இந்தத் தோட்டத்துக்கு எவ்வளவோ பேரு வந்திருக்காங்களாம். இப்படி மேல தூக்கி ஊத்தி, கொப்பளிச்சுத் துப்புத வித்த தெரிஞ்ச ஆள அந்தம்மா பாத்ததே இல்லியாம். வாழ்க்க முழுக்க இதே வேலையா இருந்தாத்தான் இது வருமாம் அண்ணாச்சி."

"நம்மூர்ல இப்படி ஒருத்தரா" என்றார் சாலோமி டீச்சர்.

சுடலைவடிவு எழுந்து வெளியே போனாள்.

வாசலில் ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள். செல்வமணி பின்னாலேயே போனார்.

"எத்தன வருசமா?" என்று கேட்டாள்.

"என்னத்த எத்தன வருசமா? நா தொட்டதே இல்ல, வடிவு."

"அந்தம்மா உங்கள முன்ன பின்னப் பாத்திருக்காளா? அவளுக்கு உங்க மேல என்ன பகை? அவ எதுக்குப் பொய் சொல்லப் போறா?"

செல்வமணிக்கே ஒரு நிமிடம் தன்மேல் சந்தேகம் வந்தது.

சுடலைவடிவு கத்தவில்லை. கத்தினால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். "எங்கம்மா பட்ட பாட்ட நா படக்கூடாதுன்னுதான் உங்களக் கட்டுனேன். குடிச்சீயன்னா குடிச்சேன்னு சொல்லிருங்க. மன்னிச்சிருதேன். பொய் சொல்லுததத்தான் என்னால தாங்க முடியாது."

செல்வமணி யோசித்துப் பார்த்தார். இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அது பொய்யாகத்தான் கேட்கப் போகிறது. இல்லாத குற்றத்தைச் சின்னதாக ஒப்புக்கொண்டால் மன்னிப்பாவது கிடைக்கும். அப்படித்தான் அந்த மனிதர் முதல் பொய்யைச் சொன்னார்.

"ஒரே ஒருக்க. நெஞ்சுச் சளிக்கு மருந்துன்னு ஒரு மூடி பிராந்தி."

"யாரு குடுத்தா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவே முடியாத ஆளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய அண்ணன் பூதத்தான் நினைவுக்கு வந்தார். ஊரில் பஜனைக் குழு நடத்துகிறவர், வெற்றிலைகூடப் போடாதவர். சுடலைவடிவுக்கு அப்பா இடத்தில் இருந்து எல்லாம் செய்தவர்.

"பூதத்தான் மச்சான்தான்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அம்பாசமுத்திரத்தில் மணி அடித்தது.

"என்னட்டி வடிவு, இத்தாலி எப்படி இருக்கு?"

"அது கெடக்கட்டும் அண்ணே. அவுகளுக்கு நீ பிராந்தி ஊத்திக் குடுத்தியாமே?"

செல்வமணி நிம்மதியாக மூச்சு விட்டார். மச்சான் இப்போது சிரிப்பார், இல்லை என்பார், ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

"மாப்ள எல்லாத்தையும் சொல்லிட்டாரா?" என்றார் பூதத்தான்.

"எல்லாத்தையும்னா?"

"உங்க மதினிட்ட மட்டும் சொல்லிராதட்டி. பாபநாசத்துக்குப் பஜனைக்குப் போறோம்னு சொல்லிட்டுச் சனிக்கிழமை தவறாமப் போய்ட்டு வாறோம்லா. அங்கன ஆத்தங்கரையில வச்சுத்தான். நாலஞ்சு பேரு. மாப்ள எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

சுடலைவடிவு அப்படியே மரத்தில் சாய்ந்தாள். செல்வமணி போனைப் பிடுங்கினார்.

"மச்சான், நா என்னைக்காவது உங்க கூட வந்திருக்கேனா? அத மட்டும் உங்க தங்கச்சிட்டச் சொல்லிருங்க."

பூதத்தான் யோசித்தார். தனியாக மாட்டுவதைவிடத் துணையோடு மாட்டிக்கொள்வது நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எல்லாஞ் சொன்னப் பெறகு இன்னும் எதுக்கு மாப்ள மறைக்கீரு? நா மட்டுமா குடிச்சேன்? நீருதான ஊத்திக் குடுத்தீரு."

போனைத் திருப்பி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சுடலைவடிவு நடந்தாள். பஸ் அப்போதுதான் வந்து நின்றது. வரும்போது இருவரும் ஒரே சீட்டில்தான் வந்திருந்தார்கள். இப்போது அவள் சாலோமி டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஊருக்குப் போனதும் நா கலையரசிட்டப் போய் இருந்துக்கிடுதேன்" என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எங்கண்ணனும் நீங்களும் சேந்து ஆத்தங்கரைக்குப் போங்க."

பின்னாலேயே ஏறிய செல்வமணி பஸ்சுக்குள் நின்றபடியே இருந்தார். இத்தனை வருடமும் ஒழுங்காக இருந்ததற்கு இதுதான் பலனா என்று அழுகை வந்தது. வெளியே லூச்சியா வாசலில் நின்று எல்லாருக்கும் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு மட்டும் தனியாக இரண்டு கையும் ஆட்டினாள்.

அதைப் பார்த்ததும்தான் அவருக்கு ஒரு வழி தோன்றியது. முன்சீட்டில் தலை எண்ணிக்கொண்டிருந்த அஃப்சலிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். அந்தம்மாவ இங்கன கூட்டிட்டு வா. எல்லாஞ் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என் வீட்டுக்காரிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அவ சொன்னாத்தான் இவ நம்புவா. இத்தாலியன்ல எடுத்துச் சொல்லு, போ."

அஃப்சல் பஸ்சை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி, எனக்கு இத்தாலியன்லாம் தெரியாது, அக்கா முன்னால உங்களப் பெருமையாச் சொன்னாச் சந்தோசப்படுவாங்களேன்னு எல்லாம் நானாச் சொன்னது."