பதினோராவது இலை

நேசையன் மூன்றாவது கருப்பட்டித் துண்டையும் அவசர அவசரமாக வாய்க்குள் தள்ளினார். பலனில்லை. அடுக்களைச் சன்னல் வழியே கண் தானாக முற்றத்தில் வந்து இறங்கிய விருந்தாளிகள் மேல் போனது. ஒன்று, இரண்டு, மூன்று...

“எண்ணுதியளா?” பின்னாலிருந்து மனைவி செல்லக்கனி கேட்டாள்.

“ம்ஹும்.”

“பொய். உதடு அசையுது. இது மூணாவது சம்பந்தமாக்கும். மொதல்ல வந்தவங்களைப் படியில நிறுத்தி மூணு தடவை எண்ணினிய. அடுத்து வந்தவங்களை உள்ள வச்சுப் பூட்டினிய. இதும் போச்சுன்னா, நானும் பிள்ளையும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம்.”

நேசையன் கருப்பட்டியைக் கடித்தார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐந்து வருடம். அவர் ஜெயிலை விட்டு வெளியே வந்து எட்டு மாதம். பதினேழு வருடம் திருவனந்தபுரத்துச் சுவருக்குள் பழகிய உடம்பு. சோற்றுக்கு முன்னால் எண்ணிக்கை, படுக்கைக்கு முன்னால் பூட்டு. இரண்டும் நடக்காவிட்டால் நெஞ்சை அடைத்தது.

அதற்காகத்தான் குலசேகரத்தில் யேசுரத்தினம் வாத்தியார் நடத்திய ‘சிறை மீண்டோர் நல்வழிச் சங்க’த்துக்குச் சனிக்கிழமைதோறும் போய்வந்தார். ஒரு பழக்கத்தை இன்னொரு பழக்கத்தால் வெட்டுவது வாத்தியாரின் வைத்தியம். எண்ணத் தோன்றினால் வாயில் கருப்பட்டி. பூட்டத் தோன்றினால் கையைக் கட்டிக்கொண்டு, திறந்த கதவுக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார வேண்டும். கூடப் படித்த ஆறு பேரும் தேறிப் போய்விட்டார்கள். நேசையனுக்குக் கருப்பட்டியால் பல்வலி வந்ததுதான் மிச்சம்.

“ஜெயில்ங்கிற சொல்லே வாயில வரப்பிடாது. கேட்டா, ஜெயில் புத்தி குடும்பத்துலயும் இருக்கும்னு பயந்துருவாவ. திருவனந்தபுரத்துல சர்க்கார் காரியமா இருந்தாருன்னு சொல்லியிருக்கேன். போங்கோ.”

போனார். கூடத்தில் தோவாளையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா குமாரதாஸ் சிரித்த முகமாகக் கேட்டார்.

“பிள்ளைக்கு என்ன வயசு, சம்பந்தி?”

அந்த நேரம் பார்த்துத்தான் கருப்பட்டி கரைந்து, எண்ணிக்கையும் முடிந்திருந்தது.

“பதினொண்ணு,” என்றார் நேசையன்.

கூடத்தில் முந்திரிக்கொத்து கடிபடும் சத்தம் நின்றது. பள்ளிக்கூட வாத்தியாரான மாப்பிள்ளை வெளிறிப்போய் அப்பாவைப் பார்த்தார்.

“இருபத்தொண்ணு,” என்று செல்லக்கனி உள்ளிருந்து பாய்ந்து வந்தாள். “இவியளுக்குக் காது கொஞ்சம் மந்தம். வேற எதையோ கேட்டியன்னு நினைச்சுட்டாவ.”

அதிலிருந்து குமாரதாஸ் எதைப் பேசினாலும் நேசையனின் காதுக்குள் கத்தினார். “பிள்ளைக்கு முழுச் சம்மதந்தானா?” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வேலியில் நாலு தலைகள் முளைத்தன. நேசையனுக்கு அந்த நாலையும் சேர்த்து எண்ண வேண்டியதாயிற்று.

பந்தி போட்டார்கள். பதினோரு இலை. உட்கார்ந்தவர்கள் பத்துப் பேர்.

நேசையனின் நெஞ்சு அடைத்தது. மடியைத் தடவினார். கருப்பட்டி தீர்ந்திருந்தது. சோறு விளம்ப வந்த செல்லக்கனியின் கையைப் பிடித்துவிட்டார்.

“எண்ணிக்கை சரியாகாம ஒரு பருக்கை விழாது. எவனும் எந்திரிக்கப்பிடாது.”

பத்துப் பேரும் சிலையானார்கள். குமாரதாஸ் இலையில் தெளித்த தண்ணீர் வழிந்து வேட்டியை நனைத்தது, அவர் நகரவில்லை. நேசையன் விறுவிறுவென்று போய் வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவி திரும்பிய பிறகுதான் தாம் செய்த காரியம் உறைத்தது.

“அப்பா,” என்றாள் ஜெபகுமாரி அடுக்களை வாசலில் நின்று. அவ்வளவுதான் சொன்னாள். கண் மாப்பிள்ளையைத் தொட்டுவிட்டுத் தரைக்குப் போனது.

“நம்மளை வச்சுப் பூட்டுதாரு, கேட்டியளா?” குமாரதாஸின் மனைவி புருஷனின் தோளைப் பிடித்தாள். “என் தம்பி ஜஸ்டஸ் எங்க? கூடத்துல சம்பந்தி முகத்தைப் பாத்ததும், வயித்து வலின்னு கொல்லைப்பக்கம் போனான். இன்னும் காணல்லியே.”

முகத்தைப் பார்த்ததுமா? அப்படியானால் ஜெயிலில் அவரைப் பார்த்த யாரோ ஒருவன். வாயைத் திறந்தால் மூன்றாவது சம்பந்தமும் போயிற்று.

கொல்லைக்கு ஓடினார். தொழுவத்துக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு அடியில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி,” நேசையன் குனிந்து கெஞ்சினார். “என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னு தெரியும். ஜெயில் காரியத்தை மட்டும் அங்க சொல்லிராதிய. பிள்ளைக்க வாழ்க்கையாக்கும். கையெடுத்துக் கும்பிடுதேன்.”

வைக்கோல் நடுங்கியது. தலையெல்லாம் துரும்போடு வெளியே வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“நூத்தி நாப்பத்தொண்ணாம் நம்பர் ஆஜர், வார்டர் ஐயா. உள்ள கெடந்த அந்த அஞ்சு வருஷமும் நான் கொழும்புல கடை வச்சிருந்தேன்னுதான் எங்க அக்கா நினைச்சிட்டிருக்கா.”