காலுக்கு ஒரு ஜன்னல்

மனைவிக்கு வீடு கட்டியவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ பேர். மனைவியின் இடது காலுக்கு மட்டும் தனி வீடு கட்டி, அதற்கு ஜன்னல் வைத்து, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரையும் தைத்து மாட்டியவர் நான் அறிந்து ஒருவர்தான். அவர் கால்பெட்டி அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. தென்காசியில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரர்கூட அப்படி யாரும் இங்கே இல்லை என்று கதவைச் சாத்திவிடுவார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தேன். எஞ்சினீயரிங் முடித்த கையோடு கிடைத்த வேலை. வண்டிகளைச் சோதித்து, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. தாளில் கையெழுத்துப் போட வேண்டும். லாரி முதலாளிகளெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டால் ஓர் இளவட்டத்துக்கு என்ன ஆகுமோ அது எனக்கும் ஆகியிருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கால்சட்டை இல்லாமல் வெளியே இறங்க மாட்டேன். இந்தக் கதையில் அந்தக் கால்சட்டைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அண்ணாச்சிக்குத் தேங்காய் வியாபாரம். வடகரைத் தோப்புகளில் வாங்கித் தென்காசி மண்டிக்குக் கொண்டுவருவார். அதற்கென்று ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. நீளமான மூக்கு, இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி மட்கார்டு. யுத்தத்தில் அதற்கு ஒரு கீறலும் விழவில்லை. அண்ணாச்சி கைக்கு வந்த பிறகுதான் காயம்பட ஆரம்பித்தது. தலைப்பாகை இடிக்கிறது என்று கேபின் கூரையை அறுத்து உயர்த்தினார். வெற்றிலைச் செல்லத்துக்கு இடம் வேண்டும் என்று டாஷ்போர்டில் இருந்த மீட்டர்களைப் பிடுங்கினார். கேட்டதற்கு, அதுகள் ஒருநாளும் உண்மை சொன்னதில்லை, வெற்றிலையாவது சிவக்கும் என்றார்.

அவர் மனைவி கோமு மதினி. சிற்றாற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்ததில் கால் முறிந்து, கட்டுப் போட்டவர் நேராக வைத்துக் கட்டியதில் இடது முட்டி அப்படியே இறுகிவிட்டது. நடப்பார், மடக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கால் எதிரே நிற்பவரைச் சுட்டிக்காட்டும். சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் குளிக்காமல் இருக்கமாட்டாத மனுஷி. இத்தனை பக்கத்தில் அருவியை வைத்துக்கொண்டு போக முடியாமல் ஆனது. பஸ்ஸில் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே அந்தக் கால் நுழையாது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள்.

"நீட்டிப் படுத்துக்கிட்டுப் போற பயணம் எல்லாருக்கும் ஒண்ணு உண்டும்" என்றாராம் மதினி. "அதை இப்பமே என்னத்துக்கு ஒத்திகை பாக்கணும்? போனா உங்க பக்கத்துல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டுத்தான் போவேன். இல்லைன்னா அருவியே வேண்டாம்."

அண்ணாச்சிக்கு இது போதும். வண்டியை முற்றத்தில் நிறுத்தி ஆசாரியை வரவழைத்தார். ஆசாரி அளவு கேட்டார். "அளவு அங்கன உக்காந்திருக்குல்லா, பாரும் வே" என்று மதினியைக் காட்டினார் அண்ணாச்சி. மதினி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவரைப் பார்த்துப் பார்த்தே வண்டியை அறுத்தார்கள். இடப்பக்கக் கதவை அகலமாக்கினார்கள். கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த தகட்டில் ஓட்டை போட்டார்கள். அந்த ஓட்டை வழியாகக் கால் முன்னே போய் நீட்டிக்கொள்ள, எஞ்சின் மூடியை ஒட்டி, மட்கார்டு மேல் உட்காரும்படி நீளமாக ஒரு தேக்குப் பெட்டி. எஞ்சின் சூடு தாக்காமல் இருக்க உள்ளே தேங்காய் நாரில் மெத்தை. பெட்டியின் வெளிப்பக்கம் கையகலத்தில் ஒரு ஜன்னல்.

ஜன்னல் எதற்கு என்று ஆசாரி கேட்டார்.

"கால் இருட்டுல தனியா கெடக்கும்லா. அதுவும் கொஞ்சம் வேடிக்கை பாத்துட்டு வரட்டுமே."

போகிறவன் வருகிறவனெல்லாம் தன் விரலை எட்டிப்பார்ப்பான் என்று மதினி சொன்னதால் திரை வந்தது.

அந்த வருஷம் சாரல் தொடங்கும் சமயத்தில் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். நான் வெளியே நின்றபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இந்தப் பெட்டி இடப்பக்கம் ரோட்டை மறைக்கிறது, டிரைவருக்குத் தெரியாது என்றேன்.

"தெரியுதே சார்வாள்."

"உங்களுக்குத் தெரிந்தால் போதாது."

"வண்டி ஓட்டுதது நான்லா? பின்ன யாருக்குத் தெரியணும்?"

"சட்டத்துக்குத் தெரியணும்."

"அப்பம் சட்டத்தை ஏறி உக்காந்து பாக்கச் சொல்லுங்க" என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

சீட்டைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, நார், வெற்றிலைச் சாறு. என் கால்சட்டையைப் பார்த்தேன். கதவை நானே சாத்திவிட்டு, 'டிரைவரின் பார்வை மறைகிறது' என்று எழுதினேன்.

அண்ணாச்சி சண்டை போடவில்லை. என் எதிரிலேயே திருகாணிகளைக் கழற்றி, பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல எடுத்து ஓரமாக வைத்தார். ஓட்டையைப் பலகையால் மூடினார். தேங்காய் ஏற்றத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷத்துச் சாரல் மதினி அருவியில் குளிக்காமலே கழிந்தது.

அடுத்த வருஷம் பெட்டி திரும்ப வந்தது. இந்தத் தடவை மேல்மூடி முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொள்ளலாமாம். நான் அப்போதும் ஏறவில்லை. "கண்ணாடி வழியாகக் கால்தான் தெரியும், ரோடு தெரியாது" என்றேன். அலுவலகமே சிரித்தது. அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சிரித்து முடித்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் எதையெல்லாம் ஏற்றலாம் என்று கேட்டார். சரக்கு எது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றேன்.

"தண்ணி சரக்குதான சார்வாள்?"

யோசிக்காமல் ஆமாம் என்றுவிட்டேன்.

அடுத்த வாரமே பிக்கப்பின் பின்பக்கத்தில் ஒரு தகரத் தொட்டி ஏறியது. மதினி கால் குற்றாலத்துக்குப் போகக்கூடாது என்றால் குற்றாலம் மதினி காலுக்கு வரட்டும் என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை தோறும் மதினி எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருப்பார். அண்ணாச்சி அருவிக்கரையில் ஆள் வைத்து வாளி வாளியாக மொண்டு நிரப்பி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வருவார். ஆனால் அருவி என்றால் விழவேண்டுமே. வண்டி மேலேயே தூண்கள் நாட்டித் தொட்டியை உயரத்தில் ஏற்றி, வண்டியைக் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மதகுப் பலகையை இழுத்தார். முதல் வெள்ளிக்கிழமை மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் விழுந்ததில் நாற்காலியும் மதினியும் வாசல் கேட் வரைக்கும் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வற்றல் தெருமுனையைத் தாண்டியது.

பிறகு பதம் கண்டுபிடித்தார். முதலில் ஆணியால் துளைத்த தகரம் வழியாகச் சாரல், அப்புறம் மெல்லிய ஒழுக்கு, கடைசியில் தோளில் அறைகிற மாதிரி அருவி. வாசனைக்கு அருவிக்கரைப் பச்சிலைகளைத் தொட்டியில் போட்டார். குரங்கு ஒன்றுதான் குறை என்று மதினி சொல்லப்போக, ஒரு வெள்ளிக்கிழமை தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதுவும் வந்து சேர்ந்தது.

வற்றல் போனவர் என்னிடம் புகார் கொடுத்தார். வண்டியின் உயரத்தை அளக்க டேப்போடு போனேன். முற்றத்தைச் சுற்றிப் பழைய வேட்டிகளால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். அண்ணாச்சி சுவருக்கு இந்தப் பக்கம் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு மதகை இழுத்தார். மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம். கூடவே ஒரு பெண்பிள்ளைச் சிரிப்பு. மூச்சு வாங்கி, நின்று, திரும்பவும் தொடங்குகிற சிரிப்பு. அண்ணாச்சி வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதீங்க என்று எனக்கு ஜாடை காட்டினார். நான் அளக்காமலே திரும்பிவந்து, உயரம் சரி என்று எழுதினேன். ஒரு காலுக்கு இடம் தராத நான் ஓர் அருவிக்கே அனுமதி கொடுத்தேன்.

மூன்றாம் வருஷமும் பெட்டி வந்தது. வண்டிகளைச் சோதிக்கிற மைதானம் திறந்தவெளி. நான் வழக்கம்போலச் சுற்றி வரும்போது செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பி, சாரல் ஒரேயடியாக இறங்கியது. குடை வைத்திருந்த பியூன் டீக்கடையில் இருந்தான். கால்சட்டை நனைந்துவிடுமே என்று கையில் அகப்பட்ட கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அது அண்ணாச்சியின் டிரைவர் சீட் என்று உறைத்தது.

எதிரே பார்த்தேன். ரோடு தெரிந்தது. வலப்பக்கம் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு இடப்பக்கமும் தெரிந்தது. எஞ்சின் மூடியே உயரம். பெட்டி அதைவிடத் தாழ்வு. மறைக்க வேண்டுமென்று நினைத்தாலும் அந்தப் பெட்டியால் எதையும் மறைக்க முடியாது. கண்ணாடி மூடிக்கும் தேவையே இருந்திருக்கவில்லை. முதல் வருஷமே ஒரு தரம் ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அண்ணாச்சி மழையில் நனைந்தபடி வெளியே நின்றார்.

"தெரியுதா சார்வாள்?"

"தெரியுது அண்ணாச்சி."

"ரோடா, காலா?"

"ரோடு" என்றேன். ஸ்டியரிங் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எழுந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் வடகரைத் தோப்பு முழுக்க ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். நானும் வந்தே ஆகவேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதம். முன்னால் இடம் ஏது? தொட்டியை இறக்கிவிட்ட பின்பக்கத்தில் தேங்காய் மூட்டை மாதிரி உட்கார்ந்து போனேன். மதினி புதுச்சேலை கட்டி, அண்ணாச்சி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். தன் கால் ஒன்று தனி வீட்டில் வருகிறது என்பதே தெரியாத மாதிரி மதினி ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

பேரருவியின் முன்னால் கம்பை ஊன்றி நின்று ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் முரட்டுத் தண்ணிதான். நம்ம வீட்டுத் தண்ணிக்குப் பதம் தெரியும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போனார். போனவர் வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நான் கவலைப்பட்டேன். அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நின்றார்.

"ரெண்டு சாரல் பாக்கி இருக்குல்லா சார்வாள். கழிச்சிட்டுத்தான் வருவா."

அவர் குத்திச் சொல்லவில்லை. குத்தத் தெரியாத மனுஷர். அந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். பசிக்கிறது என்று நினைத்து, சுடச்சுட ஒரு மிளகாய் பஜ்ஜியை என் கையில் கொடுத்துவிட்டார். பஜ்ஜி இறங்கியபோது சொல்லவந்த தைரியமும் கூடவே இறங்கிவிட்டது. கண்ணாடி மூடி போட்டதால்தான் சார்வாளுக்கு மனசு இறங்கியது, தங்கமான பிள்ளை என்று அவர் தென்காசி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போகும்வரை நான் அதைத் திருத்தவில்லை. இப்போது சொல்கிறேன். கேட்க அவர்கள் இரண்டு பேருமே இல்லை. ஒரு கால்சட்டை அழுக்காகக் கூடாது என்பதற்காக அந்த மனுஷியின் இரண்டு சாரலை நான் வாங்கிவைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் டிரைவர் சீட்டில் உட்காராமல் நான் ஒரு வண்டிக்கும் எழுதியதில்லை. கறையைத் துவைத்து அலுத்துப்போன என் மனைவிக்கும் காரணம் சொன்னதில்லை.

திரும்பும்போது என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மதினியின் இரண்டு கையிலும் மங்குஸ்தான் பழப் பொட்டலம். ஈரத்தலையோடு, "வாறோம் தம்பி" என்றார். வண்டி நகர்ந்தது. அப்போது பெட்டியின் திரை ஒதுங்கியிருந்ததைப் பார்த்தேன். ஜன்னலுக்குள் மஞ்சள் பூசிக் குளித்த ஐந்து விரல்கள், பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தன. குளித்த சந்தோஷத்தில் அவை தாமாக ஆடியிருக்கும். எனக்குத்தான் விடைகொடுத்தன என்று நான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.